எவ்வளவு தேறும்

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தான் நொபுஹிரோ.
ஒரு வருஷத்து ரசீதுகள்
கணப்பு மேஜையின் மேல் சரசரவென்று கொட்டின.
மார்ச் பதினைந்துக்குள் கொடுத்தாக வேண்டும்.
வெளியே சுருயோக்காவில்
பனி இன்னும் பெய்து தீரவில்லை.

"எவ்வளவு தேறும்?" என்றேன்.
"ஒரு லட்சம் யென்னைத் தாண்டினால்தான் பேச்சே."
குழந்தை என் தோளில் கிடந்தாள்.
அவள் பால் கக்கிய துண்டு
அவனுடைய கால்குலேட்டருக்குப் பக்கத்தில்.

வலி எடுத்த இரவில் டாக்சி பிடித்தது சேரும்.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
என்னைவிடப் பலமாக மூச்சுவிட்டார் ஓட்டுநர்,
அதற்கு ரசீது தரவில்லை.
பரிசோதனைக்குப் போய்வந்த பேருந்தும் சேரும்:
சீட்டு வேண்டாம், நோட்டில் எழுதிவைத்தாலே போதுமாம்.
பதின்மூன்று தடவை,
போக முந்நூற்றுத் தொண்ணூறு, வர முந்நூற்றுத் தொண்ணூறு.
இரும்புச்சத்து மாத்திரை சேரும்.
பேறுகாலத்துக்கு முன் மொரியோகாவுக்கு,
அம்மாவைப் பார்க்கப் போன ரயில் சேராது.
வயிறு பெருத்தபின் வாங்கிய கால்சட்டை இரண்டும் சேராது.
இரண்டு கோடு காட்டிய குச்சி சேராது.
இருக்கிறதா என்று பார்ப்பது
வைத்தியம் ஆகாதாம்.
அந்த ரசீதைக் கசக்கப் போனவன்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
மறுபடி நீவி ஓரமாக வைத்தான்.

பிரசவத்துக்கு ஐந்து லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
காப்பீட்டில் வந்த ஐந்து லட்சத்தைக் கழிக்க வேண்டும்.
"பெற்றதைக் கழித்தால் மிச்சம் நாற்பத்திரண்டு" என்றான்.
பெற்றது தோளில் விக்கியது.

கூட்டினான். திரும்பக் கூட்டினான்.
தொண்ணூற்று நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.
"ஐயாயிரத்துச் சொச்சம் குறைகிறது, தொமோயே.
தேறாது."

போன வருஷம் ஜனவரியில், ஒன்பதாவது வாரம்,
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
டாக்டரம்மா சொன்னதும் இதைத்தான்.

டப்பாவின் அடியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.
அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும்.
தெரிந்துதான் கூட்டாமல் விட்டிருக்கிறான்.
நகத்தால் பெயர்த்தெடுத்து
அவன் முன்னால் வைத்தேன்.
அதே ஆஸ்பத்திரி. அதே என் பெயர்.
பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது.
"இதுவும் சேரும்" என்றேன்.
பேருந்துக் காசு எழுதச் சொல்லவில்லை.
அன்றைக்கு நடந்தே திரும்பினேன்.

வரி அலுவலகத்தில் அடையாளச்சீட்டு வாங்கி
ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்தோம்.
இகராஷி என்று மார்பில் எழுதியிருந்த பெண்
பென்சிலால் தொட்டுக் காட்டினாள்:
"ஒரே ஆள், ஒரே ஆஸ்பத்திரி என்றால்
மொத்தமாகக் கூட்டி ஒரே வரியில் போடலாம்.
எழுதும் வேலை மிச்சம்."

"இரண்டு வரியாகப் போட்டால் தப்பா?"

அவள் தாளைப் பார்த்தாள்.
தேதிகளைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.
"தப்பே இல்லை" என்றாள்.
பென்சிலை வைத்துவிட்டுப்
பேனாவை என்னிடம் நீட்டினாள்.

முதல் வரி, ஜனவரி.
ஈட்டுத்தொகைக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.
அதற்காக யாரும் எதுவும் தரவில்லை.
இரண்டாம் வரியில்தான் கழித்தல் எல்லாம்.

ஏப்ரல் கடைசியில்
வங்கிப் புத்தகத்தில் ஏறியிருந்தது:
அறுநூற்று அறுபத்து மூன்று யென்.
நொபுஹிரோ சிரித்தான்,
"அன்றைக்கு அங்கே போய்வந்த பெட்ரோலுக்குக் காணாது."

எனக்குக் கணக்கு வேறு.
தேறாது என்று சொன்ன ஒன்றால்
தேறிய காசு அது.
மூத்தது
வீட்டுக்கு அனுப்பிய முதல் சம்பாத்தியம்.

எடுத்துப்போய் டயபர் வாங்கினேன், சின்னதற்கு.
பாக்கெட் விலைக்கு மேலும் எழுநூறு
என் பையிலிருந்து போட வேண்டியிருந்தது.
கடைக்காரன் ரசீது வேண்டுமா என்றான்.
வாங்கிக்கொண்டேன்.
சேராது,
தெரியும்.